பெயின்ட்போல் மார்க்கர் உடலை மில்லிங் செய்வது: முதலில் துளையைக் காப்பாற்றுங்கள்

கொட்டியாரக் குடாவில் ஓடும் படகுகளுக்குத் தண்டும் புஷ்ஷும் கடைவதுதான் திருகோணமலையில் என் பட்டறையின் தொழில். ரொறன்ரோவில் பெயின்ட்போல் விளையாடும் சித்தப்பாவின் மகன் விடுமுறைக்கு வந்தபோது, ஓட்டோகொக்கர் என்ற பழைய மாதிரி மார்க்கரின், அதாவது சாயக்குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கியின், வெறும் அலுமினிய உடல்கள் இரண்டைக் கொண்டுவந்தான். பக்கங்களைக் குடைந்து அழகாக்கித் தரவேண்டும் என்றான். முதல் உடல் என் கையில் கெட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. அந்த வித்தியாசம் எங்கே என்பதைத்தான் எழுதுகிறேன்.

உடலில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள் இருக்கும். மேலே போல்ட், அதாவது குண்டைக் குழலுக்குள் தள்ளும் உருளை, ஓடுகிறது. 68 கலிபர், அதாவது சுமார் 17.3 மி.மீ. சாயக்குண்டு அதன் முன்னால்தான் குழலுக்குள் போகிறது. கீழே காற்றைத் திறந்துவிடும் வால்வும், அதைத் தட்டும் சுத்தியல் என்ற பாகமும். வால்வுக்கு முன்னால் அழுத்தக் காற்று தேங்கி நிற்கும். அந்தப் பகுதியின் சுவரைத் தொடவே வேண்டாம்.

பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிய பிறகு சுவரின் தடிப்பை இரு முனைகளிலும் நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். துளை நடுவில் இருக்கும் என்று நம்பவேண்டாம். என்னிடம் வந்த உடலில் இடத்துக்கு இடம் 0.3 மி.மீ. வித்தியாசம் இருந்தது. குடைந்த பிறகு குறைந்தது 1.5 மி.மீ. மிஞ்சவேண்டும் என்பது என் கணக்கு. வடிவத்தைக் கடதாசியில் வரைந்து உடலில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். கணினியில் வரைவதைவிட எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இனித்தான் நான் தவறிய இடம். முதல் உடலை நேரே வைஸில் வைத்து இறுக்கினேன். வெட்டு சுத்தமாக விழுந்தது. கழற்றிப் போல்ட்டை விட்டால் பாதியில் நின்றது. வட்டத்துளை முட்டை வடிவாகியிருந்தது. உரசிச் சரிசெய்தேன், போல்ட் ஓடியது, ஆனால் காற்றை அடைக்கும் அதன் ரப்பர் வளையத்தின் (ஓ-ரிங்) இறுக்கம் போய்விட்டது. காற்றுக் கசிந்தால் குண்டின் வேகம் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறும். பெரும்பாலான மைதானங்களில் நொடிக்கு 300 அடிதான் உச்சவரம்பு. நிலையில்லாத மார்க்கரை அதற்குள் வைத்திருப்பது கடினம்.

ஆகவே உடலை உள்ளிருந்து பிடியுங்கள். மேல்துளைக்குள் எண்ணெய் பூசிக் கையால் தள்ளினால் நுழையும் அளவுக்கு, 0.03 மி.மீ. மட்டும் குறைவாக, ஒரு தண்டைக் கடையுங்கள். ஒரு முனையில் தோள், அதாவது துளைக்குள் போகாத பெரிய படி, விடுங்கள், மறுமுனையில் மரை வெட்டி வாசரும் நட்டும் போடுங்கள். சுத்தியலால் தட்டித்தான் ஏறும் என்றால் தண்டு பெரிது. திரும்ப லேத்தில் பிடியுங்கள். உடல் சுழலாதிருக்கக் கீழ்த்துளைக்கும் ஒரு தண்டு வேண்டும். இரு பக்கமும் வெளியே நீளும் தண்டு முனைகளை வி-பிளாக்கில், அதாவது V வடிவப் பள்ளமுள்ள கட்டையில், இறுக்குங்கள். வைஸின் தாடை உடலில் படவே கூடாது. ஒரு பக்கம் முடிந்ததும் கழற்றிப் போல்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

கட்டர் 6 மி.மீ., இரண்டு வெட்டுமுனை, அலுமினியத்துக்கான பூச்சில்லாத கார்பைட். எஃகுக்கு விற்கும் கறுப்புப் பூச்சுக் கட்டரில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும். என் சிறிய இயந்திரம் நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மேல் போகாது. அதில் நிமிடத்துக்கு 150 மி.மீ. ஊட்டம் (கட்டர் முன்னேறும் வேகம்), ஒரு தடவைக்கு 0.5 மி.மீ. ஆழம். தூரிகையால் மண்ணெண்ணெய் தடவுகிறேன். பாதுகாப்புக் கண்ணாடியும் காற்றோட்டமும் வேண்டும், நெருப்பு அருகில் கூடாது.

பிற்சேர்க்கை: உடலின் பழைய சாயத்தைக் காஸ்டிக் சோடாவில் உரிக்கலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டார்கள். அது அலுமினியத்தையும் தின்னும். துளைகளையும் மரைகளையும் அடைக்காமல் முக்கினால் அளவு போய்விடும். நான் உரிக்கவில்லை. குடைந்த இடம் வெள்ளியாகவும் மற்ற இடம் பழைய நீலமாகவும் நின்றதே அழகாக இருந்தது. எங்கள் கடல்காற்றில் வெறும் அலுமினியம் சீக்கிரம் வெளிறிப் பூக்கும் என்பதால், மெழுகு பூசித் துணியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தேன். அனோடைஸ், அதாவது மின்சாரத்தால் ஏற்றும் காப்புப் படலம், அங்கே போய்ச் செய்துகொண்டான்.