வீடு கட்டுகிறீர்களா? ஐ.எஸ். 456-ஐ இலவசமாக எடுத்துப் படிப்பது எப்படி

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீலிங் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் வீடுகளை நம் தெருக்களில் நிறையப் பார்க்கிறோம். உப்புக் காற்றுதான் காரணம் என்று விட்டுவிடுகிறோம். அந்தக் காற்றில் கம்பியை எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதற்கு விதியே இருக்கிறது. வீட்டுக்காரரே அதைப் படிக்கலாம்.

முதலில் சட்டத்தைத் திறங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டட உறுதி பற்றிய இடத்தில் அளவுகள் இருக்காது. தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பார்க்கச் சொல்லும். அந்தத் தொகுப்பின் கான்கிரீட் பகுதி, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-ஐ அடிப்படையாகக் கொண்டது. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சட்டம் கைகாட்டும் ஆவணங்கள் வெகுகாலம் விலைக்குத்தான் கிடைத்தன. கட்டட விதித்தொகுப்பின் பழைய பதிப்பு 13,760 ரூபாய். மீறினால் தண்டிக்கும் விதியைப் படிக்கவே காசு கேட்பது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். சட்டம் சார்ந்த ஆவணங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கப் போராடும் அமெரிக்கரான கார்ல் மாலமூட் இதற்காகவே இந்தியத் தரநிலைகளை இணையத்தில் ஏற்றினார். 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனார். ஐரோப்பாவில் அவருடைய அமைப்பு நடத்திய வழக்கில், பொம்மைப் பாதுகாப்புத் தரநிலைகளை மக்கள் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே இப்போது, இந்தத் தரநிலைகளை வெளியிடும் இந்தியத் தர நிர்ணய அமைவனமே (பி.ஐ.எஸ்.) அவற்றை இலவசமாகத் தருகிறது.

சரி, எடுப்போம். அமைவனத்தின் இணையதளத்தில் ‘நோ யுவர் ஸ்டாண்டர்ட்ஸ்’ பகுதிக்குப் போங்கள். தேடும் பெட்டியில் 456 என்று மட்டும் போடுங்கள். வரும் பட்டியலில் சரியான தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பதிவு செய்து, பி.டி.எஃப்.-ஐ இறக்குங்கள். திருத்தங்கள் தனிக் கோப்பாக இருந்தால் அவற்றையும் எடுங்கள். நடப்புப் பதிப்புதானா என்றும் அங்கேயே பாருங்கள்.

முழுவதும் படிக்கத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்று அட்டவணைகள் போதும். அட்டவணை 3, கட்டடம் இருக்கும் சூழலைத் தரம் பிரிக்கிறது: கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்ட கான்கிரீட் ‘கடுமையான’ வகை. அட்டவணை 5-இல் அந்த வகைக்குக் குறைந்தபட்சம் எம்30 கான்கிரீட் (எம் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்), ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது. அட்டவணை 16-இல் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 45 மி.மீ. மிக லேசான (‘மைல்டு’) சூழலுக்கு இதுவே வெறும் 20 மி.மீ., எம்20! கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் கட்டும் அதே பழக்கத்தில் கடலோரத்திலும் கட்டினால் என்ன ஆகும் என்று இந்த வித்தியாசமே சொல்லிவிடும். அடிக்குறிப்புகளையும் விடாதீர்கள்: எம்35-உம் அதற்கு மேலும் போட்டால் கவரில் 5 மி.மீ. குறைக்கலாம் என்பது அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மனை எந்த வகையில் வரும் என்பதை இன்ஜினியர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேள்வியை நீங்கள் கேளுங்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பே, கவர் பிளாக் (கவர் இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கட்டை) எத்தனை மி.மீ. என்று மேஸ்திரியிடம் அட்டவணையைக் காட்டிக் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. இலவசம் என்பதால் பதிப்புரிமை போய்விடவில்லை. 2016-ஆம் ஆண்டு தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் தரநிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம். அதனால் தெரு வாட்ஸ்அப் குழுவில் கோப்பைப் போடாமல், எண்ணையும் எடுக்கும் வழியையும் சொல்லுங்கள்.

ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. என்ற சர்வதேச அமைப்புகளின் தரநிலைகளை அப்படியே ஏற்ற சில ஆவணங்களுக்கு இன்னும் விலை உண்டு. வாங்குவதற்கு முன், தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் உள்ள அமைவனத்தின் அலுவலகத்தில் நூலகத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.