மினி மின்காரும் பெங்களூர்த் தப்புக் கணக்குகளும்

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் சேலத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். போன மாதம் லிஃப்ட்டில் பார்த்தபோது செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். வட்டக் கண்களோடு ஒரு குட்டிக் கார். "அண்ணே, மினி கூப்பர், எலெக்ட்ரிக். செகண்ட் ஹேண்ட்ல வருது. அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?"

"எங்கே சார்ஜ் போடுவ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஷோரூம்ல பார்த்துப்பாங்கண்ணே."

யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மின்கார் வாங்குகிறவர்கள் பெங்களூரில் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். வண்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு சார்ஜ் போட இடம் தேடுவார்கள். முதலில் இடம், பிறகுதான் வண்டி.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் மின் மீட்டரிலிருந்து பார்க்கிங் இடம் வரை தனி வயர் இழுக்க வழி இருக்கிறதா? கரண்ட் பில்லில் அச்சிட்டிருக்கும் 'சாங்க்ஷன்டு லோடு', அதாவது வீட்டுக்கு அனுமதித்த மின்சுமை, எவ்வளவு? அசோசியேஷன் எழுத்தில் சம்மதம் தருமா? 3 கிலோவாட் அனுமதி உள்ள வீட்டில் 7 கிலோவாட் சார்ஜரை மாட்டினால் தாங்காது, லோடை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும். அசோசியேஷனில் "பேஸ்மென்ட்டில் தீப்பிடிக்கும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே மின்வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஆனால் சண்டைக்குப் போகிற தோரணையில் போகாதீர்கள், அடுத்த பொதுக்குழுவிலும் அதே முகங்களைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

அனுமதி வரும் வரை வாட்ச்மேன் அறைப் பக்கத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடி அணையும், கார் பத்து மணி நேரம் விடாமல் கரண்டை இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் அந்தச் சூட்டில் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் ஆகிய நான்கும் இருந்தே ஆக வேண்டும். சாக்கெட்டை நெஞ்சளவு உயரத்தில் வையுங்கள். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பக்கம் பேஸ்மென்ட்டுகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, காருக்கு வருவோம். இந்த வண்டி பிறந்ததே எரிபொருள் கணக்கில்தான். 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அதன் பிறகு அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்குள் நாலு பேர் உட்காரும் காரை வரைந்தார். 1959இல் அது வெளிவந்தது. பழைய தமிழ்ப் படங்களில் ஓடும் மோரிஸ் மைனரும் அவர் கைவண்ணமே. பிறகு மினி 1994இல் பிஎம்டபிள்யூ கைக்குப் போய், 2001இல் புது உருவத்தில் வந்தது. முழு மின்காரான கூப்பர் எஸ்இ 2019இல் அறிமுகமாகி, 2022 பிப்ரவரியில் 47.2 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்தது. முதல் தவணையில் வந்தவை வெறும் 30 கார்கள். 2024 ஜூலையில் அதே மினியின் பெரிய மின்காரான கன்ட்ரிமேன் எலெக்ட்ரிக் வந்தது, 54.9 லட்சம்.

பெயர் ஒன்றுதானே என்று இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அடுத்த தவறு. கன்ட்ரிமேனின் பேட்டரி 66 கிலோவாட் மணிக்குச் சற்று மேல். கூப்பர் எஸ்இக்கு 32.6, அதிலும் நாம் பயன்படுத்த முடிந்தது 28.9தான். ஒரு கிலோவாட் மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட். ஆக, தம்பி வாங்க நினைக்கும் காரின் 'டேங்க்' சுமார் 29 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 ரூபாய்க்கு நிரம்பிவிடும். வீட்டு சாக்கெட்டில் முழுசாக ஏற ஒரு ராத்திரி ஆகும்.

அந்த 29 யூனிட்டில் எவ்வளவு தூரம் ஓடும்? ஐரோப்பியச் சோதனை முறையில் 270 கி.மீ. என்று நிறுவனம் சொன்னது. இந்த எண்ணை நம்பித்தான் நம் ஆட்கள் சனிக்கிழமை காலை ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஹைவேயில் 90, 100 வேகத்தில் யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. கிடைத்தால் நல்லது. அப்படியானால் 190 கி.மீ. சேலம் 200. வேடிக்கை என்னவென்றால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் இந்த வண்டி நன்றாகவே தாங்கும். நின்று நின்று போகும்போது பிரேக் பிடிக்கும் சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பும். ஏசி மட்டும் மணிக்கு ஒரு யூனிட் வரை குடிக்கலாம்.

இன்னொன்று உண்டு, பெங்களூர்த் தமிழர்கள் தவிர வேறு யாருக்கும் இது இவ்வளவு முக்கியமில்லை. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். ஊருக்குப் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இரண்டு பேரும் பைகளும் சேர்ந்து 1,600 கிலோ எடையுள்ள காரை 900 மீட்டர் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 4 யூனிட் வேண்டும். சென்னையிலிருந்து திரும்பும்போது இந்த மினியின் பேட்டரியில் ஏழில் ஒரு பங்கு ஏறுவதற்கே போய்விடும். சேலத்திலிருந்து என்றால் பத்தில் ஒரு பங்கு. போகும்போது மீட்டர் காட்டிய கணக்கை வைத்துக்கொண்டு திரும்பிக் கிளம்பினால், தொப்பூர்க் கணவாய் ஏறும்போது கிலோமீட்டர் மளமளவென்று குறைவதைப் பார்த்து வயிற்றைக் கலக்கும்.

எனக்கே நடந்திருக்கிறது, வேறொரு மின்காரில். பேட்டரியில் 11 சதவீதத்தோடு கிருஷ்ணகிரி அருகே ஒரு சார்ஜரை அடைந்தேன். ஆப்பில் 'காலி' என்று பச்சை காட்டியது. போய்ப் பார்த்தால் சார்ஜிங் கன்னின் பூட்டு உடைந்து தொங்கியது. அடுத்த சார்ஜர் வரை ஏசியை அணைத்து, ஐம்பதில் உருட்டினேன். வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து 25 சதவீதம் இருக்கும்போதே நிறுத்துகிறேன். அந்த வட்டாரத்தில் மாற்றாக இன்னும் இரண்டு சார்ஜர்கள் இருந்தால்தான் அந்த இடத்தை நம்புகிறேன். ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதம் வரை வேகமாக ஏறும், அதற்கு மேல் ஆமை வேகம். மீதி 20க்காகக் காத்திருப்பதைவிடக் கிளம்பிவிடுவது மேல்.

பேட்டரி மூன்று வருஷத்தில் போய்விடும் என்ற பேச்சும் இங்கே அதிகம். அதற்கு உள்ளூர்க் காரணம் உண்டு. 2001இல் இதே பெங்களூரில் ரேவா என்ற குட்டி மின்கார் பிறந்தது, லண்டன் தெருக்களில்கூட ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. அதில் இருந்தவை ஈய-அமில பேட்டரிகள், சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அந்த நினைவை லித்தியம் பேட்டரிக்குப் பொருத்துவது சரியில்லை. ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர் பேட்டரியைச் சோதிக்காமல் பணம் கட்டுவதும் சரியில்லை. சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அளவை எழுதி வாங்குங்கள், வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். சார்ஜிங் கேபிள் வண்டியோடு வருகிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.

தம்பி அடுத்து ஒரு யோசனை வைத்திருந்தான். அடுத்த வருஷம் புது கன்ட்ரிமேனே எடுத்து, சேலத்து முகவரியில் பதிவு செய்தால் வரி மிச்சமாம். கர்நாடகத்தில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 2024இல் 10 சதவீத வாழ்நாள் வரி வந்தது, 54.9 லட்சத்துக்கு அது ஐந்தரை லட்சம். ஆசை புரிகிறது. ஆனால் வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். பச்சை நம்பர் பிளேட்டில் 'டிஎன்' என்று எழுதிய மினி பெங்களூரில் எத்தனை இருந்துவிடும்? ஆர்டிஓ கண்ணில் படாமல் தப்பிக்க இதைவிட மோசமான வண்டி கிடையாது.

கடைசியில் நேரில் போய்ப் பார்த்தோம். ஓட்டினால் துள்ளுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பி தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். கூப்பர் எஸ்இக்கு இரண்டே பக்கக் கதவுகள், பின்னால் போக வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். அம்மா ஒரு காலை வைத்துப் பார்த்தார், புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"நான் பஸ்ஸிலயே வந்துடறேன் கண்ணு" என்றார்.

தம்பி இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பார்க்கிங்குக்கு வயர் இழுக்க எலெக்ட்ரீஷியனை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.