உப்புக்காற்றில் கறுக்கும் பித்தளைக்கு

பாம்பன் பக்கம் வீடு என்றால் குத்துவிளக்கு சீக்கிரமே கறுத்துவிடும், உப்புக்காற்று விடாது. நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கல்லுப்பு சேர்த்துத் துணியால் தேய்த்தால் கறை பழுப்பாக வழியும். ரொம்ப நேரம் ஊறவிடாதீர்கள். பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் அரித்துப்போய், செம்பு மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் என்றால் மறுபடி புள்ளி விழும். திரி போடும் குழியில் ஈரம் தங்கும், துணி முனையைத் திருகி உள்ளே விட்டு எடுங்கள். அம்மோனியா கலந்த திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கூடுகள் விரிசல் விட்டதற்குக் காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அந்த அம்மோனியாதான்.