1,200 சப்ஸ்கிரைபர், 80 வியூஸ்: புதிய யூடியூப் சேனல்கள் எங்கே தவறுகின்றன?

கரூரில் இருக்கும் என் அண்ணி பிளவுஸ் தைப்பதில் கெட்டிக்காரர். ஊரடங்கு முடிந்த கையோடு யூடியூப் சேனல் ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் 1,200 சப்ஸ்கிரைபர் சேர்ந்தார்கள். ஆனால் புதிதாகப் போடும் எந்த வீடியோவும் 80, 90 வியூஸைத் தாண்டவில்லை. "யூடியூப்காரன் நம்ம வீடியோவ வேணும்னே அமுக்கறான் தம்பி" என்றார். எனக்கு வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. இதே வாக்கியத்தை இதற்கு முன் பத்துப் பேராவது என்னிடம் சொல்லியிருப்பார்கள்.

உட்கார்ந்து அவருடைய சேனலை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். முதல் எட்டு வீடியோ பிளவுஸ் கட்டிங். ஒன்பதாவது பழனிக்குப் போய் வந்தது. அடுத்து புது மிக்ஸியைப் பிரித்துக் காட்டியது. அதற்கடுத்து பாப்பாவின் ஆண்டு விழா டான்ஸ். பிறகு மறுபடி ஒரு பிளவுஸ்.

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். ஒருவர் ஆப்பைத் திறந்தால், எதைக் காட்டினால் இவர் தொடுவார், தொட்ட பின் எவ்வளவு நேரம் இருப்பார் என்றுதான் யூடியூப் கணக்குப் போடுகிறது. பிளவுஸ் கற்றுக்கொள்ள வந்தவருக்கு மிக்ஸியைக் காட்டினால் அவர் தொட மாட்டார். நாலு முறை தொடாமல் கடந்துபோனால், அண்ணியின் வீடியோவை அவர் முன்னால் வைப்பதே குறைந்துவிடும். பழனி வீடியோவைப் பார்த்தவர்களோ சொந்தக்காரர்கள். அவர்கள் பிளவுஸில் கை சேரும் வளைவான கைக்குழியை வெட்டுவதைப் பார்க்கப் போவதில்லை. இரண்டு கூட்டமும் ஒன்று சேரவே இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் தொடங்கினார்கள். 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனார்கள். வயல்வெளி, ஒரு தாத்தா, பேரன்மார், பெரிய பாத்திரத்தில் ஒரு சமையல். வீடியோவுக்கு வீடியோ பதார்த்தம் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். பார்க்கிறவருக்கு எதற்காக வருகிறோம் என்று தெரிந்திருக்கிறது. எல்லாரும் சமையல் சேனல் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. யாருக்காக என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரே பதில் இருக்க வேண்டும் என்கிறேன். அண்ணியோடு பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்த பதில் இது: "வீட்டில் மெஷின் இருக்கிறது, ஓரளவு தைக்கத் தெரியும், ஆனால் பிட்டிங் சரியாக வராமல் தவிக்கிற பெண்." அந்தப் பெண்ணுக்கு உதவாத எதையும் இந்தச் சேனலில் போடுவதில்லை. பாப்பாவின் டான்ஸ் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

முதல் அரை நிமிஷம்

அண்ணியின் நல்ல வீடியோக்களில் ஒன்று, அக்குள் பக்கம் சுருக்கம் விழாமல் பிளவுஸ் வெட்டுவது. பதினான்கு நிமிஷம். விஷயம் அருமையான விஷயம். சேனல் நடத்துபவர் கணக்கு வழக்கைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவில், எந்த விநாடியில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. 30-வது விநாடிக்குள் பாதிப் பேருக்கு மேல் போயிருந்தார்கள். ஏன் போனார்கள் என்று அந்த அரை நிமிஷத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும்:

"ஹாய் பிரண்ட்ஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். நம்ம சேனலுக்கு நீங்க புதுசா வந்திருந்தீங்கன்னா மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணிக்கங்க, பக்கத்துல இருக்கற பெல் பட்டன அழுத்திக்கங்க. போன வீடியோவுக்கு நீங்க குடுத்த ஆதரவுக்கு ரொம்ப நன்றி. இன்னைக்கு என்ன வீடியோன்னா…"

பிறகு சேனல் பெயர் சுழன்று வரும் அனிமேஷன், இசையோடு பத்து விநாடி. தைக்க உட்கார்ந்து, தப்பாகிப்போய், கையில் அந்தத் துணியை வைத்துக்கொண்டு தேடி வந்தவருக்கு இத்தனையும் பொறுத்திருக்க முடியாது. ஒன்றும் கற்றுத்தராத ஒருவரை யாரும் சப்ஸ்கிரைப் செய்யவும் மாட்டார்கள். கேட்பதாக இருந்தால், விஷயம் புரிந்த நிமிஷத்தில் ஒரு வரியில் கேளுங்கள்.

அதே பாடத்தை மறுபடி எடுத்தோம். தைத்த பிளவுஸ் பொம்மை மேல் இருக்கிறது. அக்குள் மடிப்பின் மேல் விரலை வைத்து அண்ணி பேசுகிறார்: "இந்தச் சுருக்கம் தையல்ல வர்றதில்ல, வெட்டறப்பவே வந்துடுது. முன்பாகத்துக் கைக்குழிய, பின்பாகத்தவிட அரை இஞ்ச் உள்ள வளைச்சு வெட்டணும். அந்த வளைவு எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க." அவ்வளவுதான். அடுத்த ஷாட்டில் கத்தரி.

"பதில முன்னாடியே சொல்லிட்டா அப்பறம் எதுக்குப் பாக்கப் போறாங்க?" என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அரை இஞ்ச் என்று கேட்டதும் யாராலும் வெட்டிவிட முடியாது, வளைவைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கைதான் பார்ப்பவரை உட்கார வைக்கிறது. புது வீடியோவில் அந்தக் கோடு முன்பு போல் மலையிலிருந்து விழவில்லை, மெதுவாகத்தான் இறங்கியது.

தலைப்பும் தம்நெயிலும்

"இது தெரியாம இனிமே பிளவுஸ் தைக்காதீங்க", "கடைசி வரை பாருங்க, ஷாக் ஆயிடுவீங்க" என்று தலைப்பு வைப்பவர்கள் ஒரு பழைய காலத்தில் இருக்கிறார்கள். வியூஸை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த யூடியூப், 2012-லேயே, பார்க்கப்பட்ட நேரத்துக்கு முன்னுரிமை கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஏமாந்து தொட்டவர் பத்து விநாடியில் வெளியேறினால், அந்தத் தொடல் உங்களுக்கு எதிராகவே பேசும்.

தேடுபவர் வாயில் வரும் வார்த்தைதான் தலைப்பு. "அக்குள் சுருக்கம்" என்று கஸ்டமர் சொல்கிறார், "ஆர்ம்ஹோல் பிட்டிங்" என்று டெய்லர் சொல்கிறார். இரண்டும் இருக்கட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் ஏராளம், அந்த வடிவத்தை விளக்கப் பகுதியில் சேர்த்துவிடுங்கள். தம்நெயிலை, அதாவது வீடியோவைத் தொடும் முன் தெரியும் முகப்புப் படத்தை, கம்ப்யூட்டரில் பெரிதாக வைத்து ரசிக்காமல், போனில், வெயிலில் நின்று பாருங்கள். நாலு வார்த்தைக்கு மேல் இருந்தால் படிக்க முடியாது. வலது கீழ் மூலையில் எதையும் எழுதாதீர்கள், வீடியோவின் நேரம் அதன் மேல் உட்கார்ந்துவிடும்.

தம்நெயில் கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் தொட்டார்கள் என்ற கணக்கைப் பார்த்து நிறையப் பேர் நொந்துபோகிறார்கள். சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூப்பே சொல்கிறது. நாலு சதவீதம் வந்ததற்கு அழ வேண்டாம்.

கைமாற்று சப்ஸ்கிரைபர்கள்

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்கள் 1 கோடி வியூஸ் பெற்றிருக்க வேண்டும். இந்த ஆயிரத்தை எட்டும் அவசரத்தில்தான் "நீங்க எனக்குப் போடுங்க, நான் உங்களுக்குப் போடறேன்" குழுக்களில் போய் விழுகிறார்கள். அண்ணியும் விழுந்தார். 400 பேர் அப்படி வந்தவர்கள். இது போலி ஆதரவு என்று யூடியூப் விதியே தடை செய்திருக்கிறது. விதியை விடுங்கள், அந்த 400 பேரும் மீன் வளர்ப்பு, பங்குச் சந்தை, பக்திப் பாடல் சேனல் நடத்துபவர்கள். யாருமே பிளவுஸ் தைப்பதில்லை. 1,200 பேரும் அண்ணியின் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு பார்த்ததால்தான் 80 வியூஸ் அவ்வளவு வலித்தது. சொந்தக்காரர்களைக் கெஞ்சிச் சேர்ப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். பாசத்தில் சேருவார்கள், பார்க்க மாட்டார்கள்.

ஷார்ட்ஸிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஷார்ட்ஸ் ஓடையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் இடத்தில், பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேராது. 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். அதனால் ஷார்ட்ஸின் 10,000-ஐயும் நீள வீடியோவின் 1,000-ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஷார்ட்ஸ் வேண்டாம் என்பதில்லை. நீள வீடியோவில் இருக்கும் ஒரே ஒரு நுணுக்கத்தை அரை நிமிஷத்தில் காட்டி, "தொடர்புடைய வீடியோ" இணைப்பாக முழுப் பாடத்தையும் அதில் கோத்துவிட்டால் வேலை செய்யும்.

சத்தம், பாட்டு, பணம்

நல்ல கேமரா வாங்கக் கடன் வாங்காதீர்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் மக்கள் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் உடனே போய்விடுவார்கள். அண்ணியின் பழைய வீடியோக்களில் பாதியை சீலிங் பேனும் தையல் மெஷின் மோட்டாரும் விழுங்கியிருந்தன. ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு காலர் மைக் வாங்கினோம், பேசும்போது பேனை நிறுத்தச் சொன்னேன். வியர்க்கத்தான் செய்கிறது.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பாட்டை அடையாளம் காணும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி தானாகக் கண்டுபிடித்துவிடும். அப்படி வரும் 'கிளெய்ம்' பெரும்பாலும் உங்கள் விளம்பரப் பணத்தைப் பாட்டின் உரிமைதாரருக்குத் திருப்பிவிடும். உரிமைதாரர் சட்டப்படி நீக்கச் சொன்னால் வருவதுதான் 'ஸ்டிரைக்'. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். இரண்டையும் ஒன்றென நினைத்துக் கிளெய்முக்குப் பயந்து தூக்கம் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ஸ்டிரைக்கை அலட்சியம் செய்து மொத்தத்தையும் இழந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஸ்டுடியோவுக்குள் இலவச இசை நூலகம் இருக்கிறது, அது போதும்.

துணிக்கடைக்காரர் இலவசமாகச் சேலை அனுப்பினாலும் அது விளம்பரம்தான். அதைத் திரையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-ல் கொண்டுவந்த நெறி. சொன்னால் மதிப்பு குறையாது. மறைத்து, பின்னால் தெரியவந்தால்தான் குறையும்.

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் "உங்களோடு கூட்டு விளம்பரம் செய்ய ஆசை" என்று ஈமெயில் வரும், கூடவே இறக்கிப் பார்க்கச் சொல்லி ஒரு பைல். அதைத் திறக்காதீர்கள். பிரவுசரில் நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் தடத்தையே திருடிக்கொண்டு போகும் நிரல்கள் அப்படித்தான் வருகின்றன. பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு அவசியம் போடுங்கள், ஆனால் இந்த வகைத் திருட்டை அதுவும் எப்போதும் தடுத்துவிடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருஷ உழைப்பை ஒரு சாயங்காலத்தில் இப்படி இழந்தார்.

தினமும் ஒரு வீடியோ என்று சபதம் எடுப்பவர்கள் மூன்றாவது மாதம் காணாமல் போகிறார்கள். அண்ணிக்கு வியாழக்கிழமை மட்டும்தான். தீபாவளி சீசனில் தையல் வேலை குவியும்போது மூன்று வாரம் விட்டார், ஒன்றும் குடி மூழ்கிவிடவில்லை.

கமெண்டுக்கு வருகிறேன். எல்லாக் கமெண்டுக்கும் இதயம் போட்டுவிட்டுக் கடந்துபோவதுதான் பலர் செய்வது. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். அதில் ஒன்று: "அக்கா, எங்கம்மாவுக்குத் தோள்பட்டை வலி, கையைப் பின்னால கொண்டுபோக முடியல. அவங்களுக்குச் சிரமமில்லாம போடற மாதிரி பிளவுஸ் தைக்கச் சொல்லித் தருவீங்களா?" அண்ணி இரண்டு பிளவுஸ் தைத்துப் பார்த்தார். கையும் கழுத்தும் தாராளமாக வைத்து, முன்பக்கம் கொக்கிக்குப் பதில் பெரிய பட்டன் வைத்தார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் கேமராவை ஆன் செய்தார். முதல் மாதம் அந்த வீடியோ 140 வியூஸ். மூன்றாவது மாதத்திலிருந்து தேடல் வழியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது ஸ்டுடியோவில் 'திரும்ப வரும் பார்வையாளர்கள்' கணக்கைத் திறந்தால், அந்த எண் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த வீடியோவின் கீழே இன்னொரு மகளோ மருமகளோ இன்னொரு கேள்வி எழுதியிருப்பார். நோட்டில் 46 கேள்வி இருக்கிறது. இந்த வியாழன், கை வீங்கியிருப்பவருக்கு அளவு எடுப்பது எப்படி என்று.