பீய்ச்சிய தாய்ப்பால்: காய்ச்ச வேண்டாம், வெளியே வைக்க வேண்டாம்

98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் பம்ப் நல்லது என்றுதான். எந்தப் பம்பாக இருந்தாலும் சரி, பீய்ச்சிய பால் அதற்குப் பிறகு எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், அதுவும் நம் கோலாலம்பூர் வெயிலில்.

அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு 25 பாகை செல்சியஸோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் அறைக்குத்தான். செந்தூலில் எங்கள் வீட்டுச் சமையலறை மத்தியானத்தில் 30-ஐத் தாண்டிவிடும், அங்கே ஏர்கோனும் கிடையாது. அதனால் நான் 4 மணி நேரத்தை நம்புவதே இல்லை, பீய்ச்சி முடித்ததும் மூடி போட்டு நேராகப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். பாட்டிலிலோ தாய்ப்பால் பையிலோ 60 முதல் 120 மில்லி வரை மட்டும் ஊற்றுங்கள், ஏனென்றால் குழந்தை வாய் வைத்த பால் மிஞ்சினால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கொட்டத்தான் வேண்டும், உட்கார்ந்து உட்கார்ந்து எடுத்த பாலைக் கொட்டும்போது வயிறு எரியும். பீய்ச்சிய தேதியையும் நேரத்தையும் மேலே எழுதிவிடுங்கள். உறைய வைக்கும் பாலென்றால் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், உறையும்போது பால் விரியும்.

பிரிட்ஜ் 4 பாகையில் இருந்தால் 4 நாள் தாங்கும். கதவில் மட்டும் வைக்காதீர்கள், திறக்கத் திறக்கச் சூடு படும் இடம் அது, உள்ளே பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள். தனிக் கதவுள்ள பிரீசர் மைனஸ் 18 பாகையில் இருந்தால் 6 மாதத்துக்குள் கொடுப்பது நல்லது, 12 மாதம் வரை பரவாயில்லை. ஒற்றைக் கதவுப் பிரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன ஐஸ் அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் 2 வாரம்தான்.

வேலை இடத்திலிருந்து கொண்டு வர கூலர் பையும் நன்றாக உறைந்த ஐஸ் பேக்கும் போதும், 24 மணி நேரம் வரை தாங்கும், எல்ஆர்டி ரயில் நின்று நின்று போனாலும் பயமில்லை. ஆனால் அன்றன்றைக்கு எடுத்தது அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக, திங்கட்கிழமை மூன்று பாட்டிலையும் கொட்டினேன், அன்றைக்கு நான் அழுததை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் சூடு செய்வது. நம் வீடுகளில் பால் என்றாலே காய்ச்சித்தான் கொடுப்போம், பெரியவர்கள் அடுப்பைப் பற்ற வைக்கப் போவது பாசத்தில்தான். "அத்தை, இது பாக்கெட் பால் மாதிரி இல்லை, கொதித்தால் இதிலிருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும்" என்று நான் ஒரு தடவை உட்கார்ந்து சொன்னதும் என் மாமியார் உடனே புரிந்துகொண்டார். மைக்ரோவேவும் கூடாது, பாட்டில் வெளியே இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஓரிடம் மட்டும் கொதித்துக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். ஒரு மங்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடிய பாட்டிலை அதில் சில நிமிடம் நிற்க வையுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. சூடே செய்யாமல் கொடுத்தாலும் தவறில்லை, குழந்தை குடித்தால் சரி.

உறைந்த பாலை முதல் நாள் ராத்திரியே பிரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள், பழைய தேதி முதலில். முழுதாக உருகியதிலிருந்து 24 மணி நேரம், சூடு செய்துவிட்டால் 2 மணி நேரம். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கவே கூடாது. மேலே கொழுப்பு தனியாக நின்று, கீழே தண்ணீர் மாதிரி நீலமாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சோப்பு வாடை சில பேர் பாலில் வரும், அதுவும் கெட்டது இல்லை. புளித்த வாடை அடித்தால்தான் கொட்ட வேண்டும்.

குறைமாதக் குழந்தை, உடம்புக்கு முடியாத குழந்தை என்றால் இந்த நேரக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவமனையில் என்ன சொல்கிறார்களோ அதையே செய்யுங்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் வாயால் சொன்னது போதாது. அவர் வீட்டுப் பிரிட்ஜில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். நான் ஒட்டியதில் நான்கே வரி: பழைய தேதி முதலில். காய்ச்ச வேண்டாம். மிச்சம் 2 மணி நேரம். சந்தேகமென்றால் எனக்குப் போன் செய்யுங்கள், மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.