டீஜே மிக்ஸிங்குக்கு டர்ன்டேபிள்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு டர்ன்டேபிள்களை ஒப்பிட உட்கார்ந்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது மோட்டாரின் சுழற்று விசையைச் சொல்லும் டார்க் எண்ணைத்தான். ஒன்றில் 1.5 கிலோ-செ.மீ., இன்னொன்றில் 4.5 என்று போட்டிருந்தால் மனசு தானாக இரண்டாவதன் பக்கம் சாயும். மிக்ஸிங்குக்காக மட்டும் வாங்குபவர் தடுமாறும் முதல் இடம் இது. 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2-வின் தொடக்க டார்க் வெறும் 1.5. அதை வைத்துக்கொண்டே கிளப்புகள் முப்பது ஆண்டுகள் விடிய விடிய ஓடின. பயனியர் பி.எல்.எக்ஸ்-1000-ல் அது 4.5-க்குக் குறையாது. நல்ல கருவிதான், ஆனால் டார்க் மும்மடங்கு ஆனதால் மிக்ஸ் மும்மடங்கு சுத்தமாகிவிடாது.

டார்க்கின் வேலை இவ்வளவுதான்: ரெக்கார்டை விரலால் பிடித்து நிறுத்தும்போது அடியில் பிளாட்டர் (ரெக்கார்டைத் தாங்கிச் சுற்றும் தட்டு) வேகம் குறையாமல் சுற்ற வேண்டும், கையை எடுத்ததும் பாட்டு சட்டென்று முழு வேகத்துக்கு வர வேண்டும். எம்.கே.2 நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் அதைச் செய்கிறது. அழுத்தித் தேய்க்கும் ஸ்கிராட்ச்காரருக்கு அதற்கு மேலும் வேண்டும். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு பீட் சேர்த்துக் கடப்பவருக்கு வேண்டியது வேறு: வைத்த வேகம் நகராமல் நிற்பதும், அந்த வேகத்தை நூலளவு மாற்ற முடிவதும்.

டார்க் கூடினால் கையின் உணர்வும் மாறும். பிளாட்டரின் ஓரத்தை விரலால் லேசாக உரசி பாட்டைப் பின்னிழுப்பது மிக்ஸிங்கில் அடிக்கடி செய்யும் வேலை. 4.5 டார்க் உள்ள மோட்டார் அந்த உரசலை எதிர்த்து உடனே வேகத்தை மீட்டுவிடும். 1.5-ல் பழகிய கைக்கு அது முரண்டு பிடிப்பதுபோல் இருக்கும். எதில் பழகப் போகிறோம், பிறகு எதில் வாசிக்கப் போகிறோம் என்று யோசித்தால் போதும். ரீலூப் ஆர்.பி-7000 எம்.கே.2 போன்ற சிலவற்றில் டார்க்கைக் கூட்டிக் குறைக்கவும் முடியும்.

இதை வைத்து டார்க்கே வேண்டாம் என்று, மோட்டார் ஒரு பெல்ட் வழியாகப் பிளாட்டரைச் சுற்றும் பெல்ட் டிரைவ் பக்கம் போய்விடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க பெல்ட் டிரைவ் அருமையானது. மோட்டாரின் அதிர்வை ரப்பர் பெல்ட் விழுங்கிக்கொள்கிறது. அதே ரப்பர்தான் மிக்ஸிங்கில் எதிரி. ரெக்கார்டைப் பிடித்தால் பிளாட்டரும் சேர்ந்து நிற்கும், அல்லது பெல்ட் வழுக்கும். விட்ட பிறகு வேகம் நிதானமாக ஏறும். நாளாக ஆக பெல்ட் தளர்ந்து வேகமும் தளரும். ‘டைரக்ட் டிரைவ்’ (மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுற்றுவது) என்று பெட்டியில் போட்டிருப்பது மட்டும் போதாது. விலை குறைந்த டைரக்ட் டிரைவ்களில் டார்க் 1 அளவிலேயே நின்றுவிடுவது உண்டு. சோதனை எளிது: ஸ்லிப்மேட் (ரெக்கார்டுக்கு அடியில் போடும் வழுக்கும் விரிப்பு) போட்டு, ரெக்கார்டை விரலால் பத்து விநாடி பிடித்துக்கொண்டு, பிளாட்டரின் ஓரத்தில், வேகம் சரியாக இருந்தால் சிறு விளக்கின் ஒளியில் நின்றதுபோல் தெரியும் புள்ளிகளைப் பாருங்கள். பிடித்ததும் புள்ளிகள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கி, விடும் வரை நகர்ந்துகொண்டே இருந்தால் மோட்டார் தோற்கிறது என்று அர்த்தம். பல கருவிகளுடன் வரும் தடித்த ரப்பர் விரிப்பை எடுக்காமல் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மோட்டாரைத் திட்டுவதும் நடக்கிறது. அந்த ரப்பர் ரெக்கார்டை இறுகப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யப்பட்டது. அதை எடுத்துவிட்டு வழுக்கும் துணி ஸ்லிப்மேட்டைப் போட வேண்டும்.

பிட்ச் ஸ்லைடரில் தவறும் கணக்கு

டார்க்குக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடருக்குக் கொடுக்க வேண்டும். ±50 சதவீதம் வரை போகும் என்பதைப் பெரிய வசதியாக எண்ணி வாங்குகிறார்கள். சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்லைடரின் ஓட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ±8-ல் ஒரு மில்லிமீட்டர் நகர்வு 0.16 சதவீத மாற்றம். ±16-ல் 0.32. ±50-ல் முழுசாக 1 சதவீதம்.

0.1 சதவீதப் பிசகு என்றால் என்ன? ஒரு நிமிடத்தில் 60 மில்லி விநாடி விலகல். 128 பி.பி.எம். (நிமிடத்துக்கு 128 பீட்) பாட்டில் ஒரு பீட்டின் நீளம் ஏறக்குறைய 469 மில்லி விநாடி. இரண்டு நிமிடம் இரு பாட்டுகளையும் சேர்த்து ஓட்டினால் கால் பீட் அளவுக்கு விலகிவிடும். இரண்டு கிக் டிரம்மும் குதிரை ஓடுவதுபோல் தடதடக்கும். ±50-ல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒரே நிமிடத்தில் 600 மில்லி விநாடி போய்விடும், அதாவது ஒரு பீட்டுக்கும் மேல். பெரிய வீச்சு விளையாட்டுக்கு நன்றாக இருக்கும். பீட் சேர்க்க ±8 இருக்கிறதா, பட்டனில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். 128 பி.பி.எம். பாட்டை ±8-லேயே சுமார் 118-லிருந்து 138 வரை கொண்டுபோக முடியும். அதற்கு மேல் போனாலும் காது ஒத்துக்கொள்வது கடினம்: வேகம் 6 சதவீதம் கூடினாலே சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடுகிறது. வேகத்தை மட்டும் மாற்றிச் சுருதியை அப்படியே வைக்கும் ‘கீ லாக்’ வசதி மென்பொருளில் கிடைக்கும். ரெக்கார்டில் ஓடும் ஊசியால் அது முடியாது.

அடுத்தது, ஸ்லைடரின் நடுவிலுள்ள சுழி (0). எம்.கே.2 போன்ற பழைய வடிவங்களில் சுழியில் ஸ்லைடர் ‘டிக்’ என்று ஒரு பள்ளத்தில் விழும். அதன் இருபுறமும் கொஞ்ச தூரத்துக்கு ஸ்லைடர் நகர்ந்தாலும் வேகம் மாறாது. +0.2 தேவைப்படும் நேரத்தில் இந்த ஊமை இடம் கழுத்தை அறுக்கும். பின்னால் வந்த பல மாடல்களில் பள்ளத்தை எடுத்துவிட்டு, சுழிக்குத் திரும்ப தனி பட்டன் வைத்தார்கள். வாங்குமுன் சுழிக்கு இருபுறமும் அரை மில்லிமீட்டர் நகர்த்தி, புள்ளிகள் அசைகின்றனவா என்று பாருங்கள்.

வேகம் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. 33⅓ ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, 100 சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம். பிளாட்டரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு 100 எண்ணுங்கள். விரலின் தாமதம் ஒரு 0.2 விநாடி போனாலும், அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் வேகம் தவறுகிறது. கருவி பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு மறுபடியும் எண்ண வேண்டும். முதல் எண்ணிக்கையில் தேறி இரண்டாவதில் வழுக்குபவை உண்டு.

வயர், ஃபோனோ, யூ.எஸ்.பி.

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் 5 மில்லிவோல்ட் அளவுதான். ரெக்கார்டில் பாஸ் குறைத்தும் டிரெபிள் கூட்டியும் வெட்டப்பட்டிருக்கும். அதைத் திருப்பிச் சமன்செய்து சிக்னலைப் பெருக்குவது ஃபோனோ பிரிஆம்ப். டீஜே மிக்ஸரில் அது உள்ளேயே இருக்கும். இப்போது பல டர்ன்டேபிள்களுக்குள்ளும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் பாஸ் உருண்டு, சத்தம் கரகரத்து வெடிக்கும். இரண்டும் செய்யாவிட்டால் சத்தம் பாஸே இல்லாமல் சன்னமாக, தகரம்போல் கேட்கும். பின்பக்கம் ஃபோனோ/லைன் சுவிட்ச் உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். உள் பிரிஆம்பை அணைக்க வழியே இல்லாததை விட்டுவிடலாம். ‘ஹம்’ என்று இடைவிடாமல் உறுமினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த் வயர் மிக்ஸரின் திருகில் மாட்டியிருக்கிறதா என்பதை.

யூ.எஸ்.பி. துளையைப் பார்த்ததும் ‘இதைக் கம்ப்யூட்டரில் செருகி, டைம்கோடு ரெக்கார்டு (கம்ப்யூட்டரிலுள்ள பாட்டை இயக்கும் சிக்னல் பதிந்த ரெக்கார்டு) வைத்து செராட்டோ (டீஜே மென்பொருள்) ஓட்டலாம்’ என்று நினைப்பது இன்னொரு வீண்செலவு. டர்ன்டேபிளின் யூ.எஸ்.பி. பொதுவாக ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதற்கானது. டைம்கோடு முறைக்கு இரண்டு டெக்கின் (டர்ன்டேபிளின்) சிக்னலையும் ஒன்றாக வாங்கி, பாட்டைத் திருப்பி அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸோ அது உள்ளடங்கிய மிக்ஸரோ வேண்டும். அது கையில் இருந்தால் டர்ன்டேபிளில் யூ.எஸ்.பி. இருக்க வேண்டியதே இல்லை.

ஊசியும் கையும்

பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் பாட்டுக் கேட்பதற்கானது: நீள்வட்ட முனை, 2 கிராம் அளவு அழுத்தம். ரெக்கார்டைப் பின்னால் சுற்றிப் பாட்டின் முதல் அடியைத் தேடினால் அது துள்ளும், ரெக்கார்டின் பள்ளத்தையும் சிராய்க்கும். டீஜே கார்ட்ரிட்ஜின் முனை பெரும்பாலும் உருண்டை. அழுத்தம் 3 முதல் 4 கிராம். இந்தச் செலவைச் சேர்க்காமல் டர்ன்டேபிளின் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் நிறைய. பழைய அறிவுரைகளைப் படித்து ஷ்யூர் எம்44-7-ஐத் தேடி அலையவும் வேண்டாம். அந்த நிறுவனம் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மாற்று ஊசி எளிதாகக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜாகப் பாருங்கள்.

ஊசி துள்ளினால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது கெட்ட பழக்கம். முதலில் ஆன்டி-ஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பு) 0-ல் வைத்து, பின்னாலுள்ள எடைக்கட்டியைத் திருகி டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) கிடைமட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். கட்டியை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொல்லும் கிராமுக்குத் திருகுங்கள். வளையத்தை 0 ஆக்காமல் விடுவதால் வரும் தொல்லைதான் ‘இந்த டெக்கில் ஊசி நிற்பதில்லை’ என்ற புகாரில் பாதி.

நேர் டோன்ஆர்ம் ஸ்கிராட்ச்சில் ஊசி துள்ளாமல் இருக்கச் செய்யப்பட்டது. பள்ளத்தோடு அதன் கோணம் கூடுதலாகப் பிசகுவதால் ஒலி கொஞ்சம் மங்கும், ரெக்கார்டும் சீக்கிரம் தேயும். மிக்ஸிங்குக்கு வளைந்த எஸ் வடிவமே போதும்.

பழையது வாங்கினால்

எஸ்.எல்-1200-இன் தயாரிப்பு 2010-ல் நின்று 2016-ல் மீண்டும் தொடங்கியது, ஆகவே எம்.கே.2 என்று விற்கப்படும் எதுவும் வயதானது. ஹெட்ஷெல்லை (டோன்ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பகுதி) இரு விரலால் பிடித்து மிக மெதுவாகப் பக்கவாட்டில் அசையுங்கள். டோன்ஆர்மின் அடியில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்பதைவிட விட்டு விலகுவது மேல். எம்.கே.2-வின் ஆடியோ வயர் உடலோடு சேர்ந்தது. வாசிக்கும்போதே அதன் அடியை அசைத்துப் பாருங்கள். ஒரு பக்க ஒலி போய்ப் போய் வந்தால் சால்டரிங் வேலை காத்திருக்கிறது. 2019-ல் வந்த எம்.கே.7-ல் வயரைக் கழற்றி மாற்றலாம். இன்னொன்று, வோல்டேஜ். ஜப்பானுக்கென்று செய்தவை 100 வோல்ட். அதைக் கவனிக்காமல் 230-ல் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

ஒரு டெக்கை நல்லதாகவும் இன்னொன்றைச் சமாளிப்புக்காகவும் வாங்குவது மிச்சம் பிடிப்பதுபோல் தெரியும். நிற்கும் நேரம், ஸ்லைடரின் வழுக்கு, விரலுக்கு எதிரான பலம் எல்லாம் இரண்டிலும் வெவ்வேறாக இருக்கும்போது, ஒரு கை கற்றது இன்னொரு கைக்கு உதவாது. ஒரே மாடலில் இரண்டு, கொஞ்சம் விலை குறைந்ததாக இருந்தாலும் அதுவே சரி.

மேசையையும் அளந்துவிடுங்கள். டெக்னிக்ஸ் அளவிலான ஒரு டெக் சுமார் 45 செ.மீ. அகலம், 36 செ.மீ. ஆழம். நடுவில் 30 செ.மீ. மிக்ஸர் வைத்தால் 120 செ.மீ. ஆகிறது. டோன்ஆர்ம் மறுகோடியில் இருக்கும்படி டெக்குகளைக் கால் சுற்றுத் திருப்பினால் 102 போதும், ஆனால் ஆழம் 45 வேண்டும். வயர் நீளமும் எட்ட வேண்டும். எடையே இல்லாத பிளாஸ்டிக் உடலும் ஆடும் மேசையும் சேர்ந்தால் ஸ்பீக்கரின் பாஸ் ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும். மோட்டாரை நிறுத்தி, அசையாத ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்து, வழக்கமாக வாசிக்கும் அளவுக்குச் சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். உறுமத் தொடங்கினால் ஸ்பீக்கரை மேசையிலிருந்து எடுத்துத் தனி ஸ்டாண்டில் வையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால், இன்னும் கனமான டெக்கைத் தேட வேண்டியதுதான்.