ஏ.ஜி.4 வாங்கியாச்சா? முதல் பைப்பை வெட்டும் முன்

கோயமுத்தூர்ப் பக்கம் கிரைண்டர் என்றால் மாவாட்டுவதுதான் ஞாபகம் வரும். புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். இது அந்தக் கிரைண்டர் இல்லை. பட்டறைக்காரர்கள் ஏ.ஜி.4 என்றும் கட்டிங் மெஷின் என்றும் சொல்கிற நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டர். பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு ஒரு இன்ச் இரும்பு ஸ்கொயர் பைப்பைத் துண்டு போடப் போகிறோம். வெட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்கு முன்னாடி இருக்கிற வேலைக்குத்தான் கால் மணி நேரம் வேண்டும்.

1. இடத்தைப் பாருங்கள்

தோட்டத்துச் சாளையில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் முதல் கவலை. ஒரு பக்கம் சோளத்தட்டுப் போர், இன்னொரு பக்கம் தேங்காய் மட்டை. வெட்டும்போது கிளம்புகிற பொறி பத்தடிக்கு மேலும் போகும். மட்டையிலும் நாரிலும் விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்று, நாம் சாப்பிடப் போன பிறகு பிடிக்கும். கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டும் அப்படித்தான், அதுவும் ஆயில் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் அக்கட்டால தள்ளிவிட்டு, ஒரு வாளி தண்ணீரோ மணலோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. உடம்புக்கு

தோளில் துண்டு ஆகாது, வேட்டி லுங்கியும் ஆகாது. பருத்திச் சட்டை, பேன்ட், மூடிய ஷூ. பாலியஸ்டர் சட்டையில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடுகிற கண்ணாடி வேண்டும். பவர் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் கணக்கில் சேராது. காதுக்குப் பஞ்சு போதாது, இயர்பிளக் வாங்குங்கள். தூசிக்கு மாஸ்க். கையுறை போட்டால் விரலோடு ஒட்டி நிற்கிற தோல் கையுறை. நூல் பிரிந்து தொங்குகிற பருத்திக் கையுறையை வீல் சுற்றி இழுத்துவிடும். (டிரில்லிங் மெஷினுக்குக் கையுறையே கூடாது. அது வேறு கதை.)

3. வீல்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதில் கை வைக்கவேண்டும். என் மெஷினில் 11,000 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) என்று போட்டிருக்கிறது. நாலு இன்ச் வீல் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். ஆகவே வீலின் மேல் அச்சிட்டிருக்கும் ஆர்.பி.எம். மெஷினுடையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும். நடுவில் இருக்கிற உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும், அதையும் பாருங்கள். ஓரம் பெயர்ந்தது, கீழே விழுந்தது, மழையில் ஊறியது எல்லாம் குப்பைக்கு.

வீலைப் பாதி மூடியிருக்கிற தடுப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டால் அஞ்சு இன்ச் வீல் மாட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டிக்காட்டுகிறவர்களும் உண்டு. ரெண்டும் வேண்டாம். பல் மரத்தில் கடித்தால் மெஷின் கையை விட்டுத் துள்ளும், அதைப் பிடித்து நிறுத்துகிற பலம் நம் யாருக்கும் கிடையாது.

மாட்டி முடித்ததும் வீலை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். ஆட்டமோ அதிர்வோ தெரிந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

4. கரண்ட்

ஈரத் தரையில் நிற்காதீர்கள். ஜங்ஷன் பாக்ஸ் ஒயரைச் சுருளாகவே விடாமல் முழுசாகப் பிரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு ஏறும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டுவிடுங்கள்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. வெட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மெஷினை அப்படியே தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். சுவிட்ச் முன்னால் தள்ளி லாக் ஆகிற வகை, அது ஆனிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பத்தா கத்தினார்: "சாமீ, ஓடியாடா, உன்ற மிசினு தானா ஓடுது!" கரண்ட் வந்து, மெஷின் தரையெல்லாம் துள்ளித் துள்ளி, தன் ஒயரையே பாதி தின்றிருந்தது. அப்பத்தா ஒரு முழம் தள்ளித்தான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலமே விட்டால் நின்றுவிடும் பேடில் சுவிட்ச் மெஷினுக்குச் சொல்லி வைத்தேன். பழைய வகைதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், கரண்ட் போன உடனே சுவிட்சையும் பின்னால் இழுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள்.

5. வெட்டு

பைப்பைக் காலால் மிதித்துப் பிடித்து வெட்டுவதை ஊரெல்லாம் பார்த்திருப்பீர்கள். நீங்கள் வைஸிலோ சி-கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். எங்கே தாங்கல் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரெண்டு பக்கமும் செங்கல் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு ஆழமாக ஆக பைப் நடுவில் தொய்ந்து, வாய் மூடி, வீலைக் கவ்வும். மரத்தில் வாள் மாட்டிக்கொள்கிற மாதிரிதான். ஆனால் இங்கே கவ்விய வீல் மெஷினையே நம்மை நோக்கி எறியும், இல்லையென்றால் தெறித்துவிடும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கி, வெட்டுப்பட்டு விழப்போகிற துண்டை அந்தரத்தில் விடுங்கள். அது தன் எடையில் தாழத் தாழ வாய் தானாக விரியும்.

பக்கக் கைப்பிடி மாட்டி, ரெண்டு கையாலும் பிடியுங்கள். கார்டு உங்களுக்கும் வீலுக்கும் நடுவில் வரட்டும். வீல் இருக்கிற கோட்டுக்கு நேராக நிற்காமல் சித்த ஒதுங்கி நில்லுங்கள். வீல் முழு வேகம் எடுத்த பிறகுதான் பைப்பைத் தொடவேண்டும். அமுக்கவேண்டாம், மெஷினின் எடையே போதும். சத்தம் கம்மினால் அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம். கோடு கொஞ்சம் கோணலாகப் போனாலும் நடுவழியில் வீலைத் திருகி நேராக்கப் பார்க்காதீர்கள்; ஒரு மில்லிமீட்டர் வீல் அதைத் தாங்காது. அந்த மெல்லிய வீலின் பக்கவாட்டில் பிசிறு தேய்ப்பதும் கூடாது, அதற்குத் தடித்த கிரைண்டிங் வீலோ அரமோ இருக்கிறது.

சுவிட்சை நிறுத்திய பிறகும் வீல் சில வினாடி சுற்றும். நின்ற பிறகு கீழே வையுங்கள். வெட்டுப்பட்ட முனை சூடாக இருக்கும், வெறும் கையால் எடுத்துவிடாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி வைத்த பிறகும் நான் அரை மணி நேரம் அங்கேயே எதையாவது எடுத்து அடுக்கிக்கொண்டு நிற்பேன். கிளம்பும் முன் மட்டைக் குவியல் பக்கம் ஒரு நடை போய், புகை வாசம் வருகிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவது.